பேச்சிராக்

எங்கள் ஊருக்குப் போக வேண்டும் என்றால் அருப்புக்கோட்டையில் நரிக்குடி பஸ் ஏற வேண்டும். திருச்சுழி தாண்டியதும் கண்டக்டரிடம் போய், "ஏந்தல் விலக்குல நிப்பாட்டுங்க" என்று சொல்ல வேண்டும். அவர் உடனே, "அங்க யாரும்மா எறங்குவா?" என்பார். நான்தான் இறங்குவேன் என்றால், அவர் சொத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார். புதுக் கண்டக்டராக இருந்தால், அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது என்று சாதிப்பார். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அந்த பஸ்ஸில் நான் போட்ட சண்டைகளை எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகும். இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரோடு, விலக்கில் பிரிகிற பாதையில், கருவேலங்காட்டுக்குள் நடக்க வேண்டும்.

ஊருக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. ஏந்தல் என்றால் போதும். மழைத் தண்ணீரை ஒரு கரை போட்டு ஏந்திக்கொள்கிற சின்னக் கண்மாய்க்கு ஏந்தல் என்று பெயர். எங்கள் பக்கத்தில் நிறைய ஊர்ப் பெயர்களின் கடைசியில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளம் வந்தால் ஏந்தும், வராவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

தெற்கே கண்மாய். அதன் கரைக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பிய கொஞ்சம் நெல் வயல். மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் வானத்தை நம்பிய கரிசல்தான். பருத்தி, கொத்தமல்லி, மிளகாய், கம்பு. நடுவில் ஒரே தெரு. மேற்குக் கோடியில் ஒருவர் தும்மினால் கிழக்குக் கோடியில் கேட்கும். தெரு முடிகிற இடத்தில் ஒரு பிள்ளையார், கண்மாய்க் கரையில் ஒரு அய்யனார். இவ்வளவுதான் ஊர். நான் சிறுமியாக இருந்தபோது இருபது வீடு இருந்திருக்கலாம். அதற்கு மேல் என்றைக்குமே இருந்ததில்லை என்பார்கள்.

வரலாறு என்று ஆண்களைக் கேட்டால் அண்ணன் தம்பி கதையைச் சொல்வார்கள். ஒரு பஞ்சத்தில் மேற்கேயிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்களாம். இந்த இடத்தில் மாடுகள் படுத்துவிட்டனவாம். எவ்வளவு அடித்தும் எழுந்திருக்கவில்லையாம். சரி என்று ராமநாதபுரத்து ராஜாவின் ஆட்களிடம் கேட்டு, பள்ளத்தை மறித்துக் கரை போட்டு, ஆளுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார்களாம். சுற்றுப்பட்டு ஊர்களில் பாதிக்கு இதே கதைதான். மாடு மட்டும் சில ஊர்களில் ஆடாக மாறியிருக்கும்.

பெண்களைக் கேட்டால் கிணறுகளைச் சொல்வார்கள். என் அம்மா வாக்கப்பட்டு வந்தபோது பிள்ளையார் கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. நான் நடக்கப் பழகும்போது அது உப்பாகிவிட்டது. பிறகு கண்மாய்க்குள் ஊற்றுக் கிணறு தோண்டினார்கள். கண்மாயில் ஈரம் இருக்கும் வரை அது கொடுத்தது. பிறகு அரசாங்கத்தில் ஒரு அடிபம்பு வைத்தார்கள். முதல் நாளே உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்கெடுக்க வராது. அதன் பிறகு பக்கத்து ஊருக்குக் குடத்தோடு நடந்தோம். அந்த ஊர்ப் பெண்கள் எங்களை ஏசினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்கே அரைக் குடம்தான். எங்கள் ஊர் எப்படி அழிந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கிணற்றுக் கதையைத்தான் சொல்வேன். மாடு படுத்த கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உப்புத் தண்ணீர் ஊருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு, "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அதனால் இளவட்டங்கள் ஒவ்வொருவராக அருப்புக்கோட்டைத் தறிக்கும் சிவகாசிக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கிளம்பினார்கள். என் அண்ணனும் திருப்பூர் போனான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்க வேலிக்கருவை மண்டிவிட்டது. மேலே உள்ள ஊர்க்காரர்கள் வேறு குறுக்கே மறித்துக்கொண்டார்கள். மழை பெய்தாலும் தண்ணீர் எங்களைத் தேடி வரவில்லை.

கிளம்புகிற குடும்பம் எல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொன்னது. "ஒரு வருசம் பாத்துட்டு வாரோம்." சொல்லிவிட்டு, கதவையும் நிலையையும் பெயர்த்து வண்டியில் ஏற்றும். திரும்பி வருகிறவர்கள் எதற்கு நிலையைப் பெயர்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிலை போன வீடு ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த மழையில் சுவர் கரைந்து உட்கார்ந்துவிடும். அதன் மேல் கருவை முளைக்கும். நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்குப் போகும்போது தெருவில் ஏழெட்டு அடுப்புகள் எரிந்தன. மறு வருஷம் அம்மா இறந்தாள். அதற்குப் பின் சில வருஷங்களில் இரண்டே வீடுதான் மிஞ்சியது.

ஒன்று எங்கள் வீடு. அதில் அய்யா மட்டும் இருந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். இன்னொன்று கீழவீடு. அதில் பெரியய்யாவும் பெரியம்மாவும். பெரியய்யா என் அய்யாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன். மாடு படுத்த கதையின் அண்ணனுக்கு வாரிசு அவர், தம்பிக்கு வாரிசு அய்யா என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை குடும்பம் போய், கடைசியில் ஊரில் மிஞ்சிய இந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேறு எந்த ஊருக்காவது இந்தக் கொடுமை நடக்குமா என்று நான் அம்மா படத்துக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

சண்டை மடைச் சண்டை. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கண்மாயில் கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் கிடந்த வருஷம், எங்கள் வயலின் முறை வருவதற்கு முன்பே மடை திறந்து தண்ணீர் கீழவீட்டு வயலுக்குப் போய்விட்டது. எங்கள் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்தது. பெரியய்யாதான் திறந்தார் என்றார் அய்யா. நான் அந்தப் பக்கமே போகவில்லை என்றார் பெரியய்யா. அத்தோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கண்மாயில் சண்டை போடுகிற அளவுக்குத் தண்ணீர் வரவே இல்லை. சண்டை மட்டும் வற்றாமல் கிடந்தது.

பேசவில்லை என்றால் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தமில்லை. சாடை பேசுவார்கள். பெரியய்யாவின் ஆடு எங்கள் பருத்தியில் வாய் வைத்தால், அய்யா காற்றைப் பார்த்து, "ஊருல ஆடு வளக்கிறவுக எல்லாம் கயிறு வாங்க மாட்டாக போல" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து பெரியய்யா தன் ஆட்டிடம், "ஏலே, வேலி அடைக்கத் தெரியாதவுக காட்டுல ஏன்டா மேயுற?" என்பார். பெரியம்மாதான் பாவம். குழம்பு வைத்த நாளில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, எங்கள் வாசல் சுவர்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவாள். அய்யா அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி அதே இடத்தில் வைப்பார். யார் வைத்தது என்று கேட்கமாட்டார். பெரியய்யாவும் கிண்ணம் எங்கே போனது என்று கேட்கமாட்டார்.

ஒரு ஐப்பசியில் அய்யாவைப் பார்க்கப் போயிருந்தேன். அன்றைக்கு, கிராமக் கணக்கைப் பார்க்கிற அதிகாரி மொபெட்டில் வந்தார். நல்ல மனிதர். முள் குத்தி டயர் பஞ்சராகிவிடுமோ என்ற பயத்தில் வண்டியைப் பிள்ளையார் கோயில் முன்பே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தெருவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். கீழவீட்டுச் சுவரோரமாகப் பெரியய்யா முள் வெட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"ரெண்டு வீடுதான்னா ரொம்பச் செரமம்யா. இப்படியே போனா இந்த ஊரப் பேச்சிராக்னு எழுதிருவாக. அதுக்கப்பறம் ரோடு வேணும், பைப்பு வேணும்னு நீங்க மனுப் போட முடியாது. ஊரே கெடையாதுன்னு ஆயிரும்."

"என்னன்னு எழுதுவாக?" என்றார் அய்யா.

"பேச்சிராக்."

நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். அய்யா நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகம் செத்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏத்தா, நாங்க பேசிக்கிறதில்லேன்னு நீ டவுனுல யாருகிட்டயும் சொன்னியா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"தாலுகாபீசு வரைக்கும் தெரிஞ்சுபோச்சே. பேச்சு இராத ஊருன்னு எழுதப்போறாகளாம்ல. ரெண்டு வீட்டுக்காரன் பேசிக்கிறலேன்னா ஊரையேவா அழிப்பாக?"

அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அவர் சொன்னது சரி போலத்தான் தோன்றியது. அரசாங்கம் எதை எதையோ விசாரிக்கிறது, இதையும் விசாரித்திருக்கும் என்று நினைத்தேன். "நல்லா எழுதட்டும், உங்க ரெண்டு பேருக்கும் வேணும்" என்று கோபத்தில் சொன்னேன்.

வெயில் தாழ்ந்ததும் அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். கீழவீட்டை நோக்கி அவர் நடந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. பெரியய்யா அப்போதும் முள் வெட்டிக்கொண்டிருந்தார். அய்யா சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணே."

பெரியய்யாவின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"அதிகாரி சொன்னதக் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"என்ன செய்ய?"

"என்ன செய்ய. பேச வேண்டியதுதான்" என்றார் பெரியய்யா.

அதன் பிறகு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அய்யா வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று கேட்டார். வரும் என்றார் பெரியய்யா. எங்க வருது என்றார் அய்யா. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற பெரியம்மா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனபோது அழுதுகொண்டிருந்தாள்.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பேச்சிராக் தமிழே இல்லையாம். நவாப் காலத்தில் வந்த பாரசீகச் சொல்லாம். விளக்கு இல்லாதது என்று அர்த்தமாம். குடியில்லாத, வீட்டில் விளக்கெரிக்க ஆளில்லாத ஊரைக் கணக்கில் அப்படி எழுதுவார்களாம். ஏந்தல் தெருவுக்குக் கரண்டுக் கம்பமே நடாதவர்கள், விளக்கில்லை என்று எங்களைப் பற்றி எழுதுவார்களாக்கும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த முறை போனபோது அய்யாவிடம் விவரத்தைச் சொன்னேன். பேச்சைப் பற்றிய சொல் இல்லை, ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு என்றேன். நீங்கள் வீணாகப் போய்ப் பேசினீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் குரலில் இருந்திருக்கும்.

"பேச்சு இல்லாத எடத்துல குடி எங்கிட்டு ஆத்தா இருக்கும்? அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார் அய்யா.

அதன் பிறகு இரண்டு பேரும் பேசினார்கள். அப்படி ஒரு பேச்சு. சாயங்காலமானால் கண்மாயின் கலுங்குக் கல்லில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். தண்ணீர் நிறைந்து வழிந்தோட வேண்டிய இடம் அது. அங்கே உட்கார்ந்து, போன குடும்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். யார் வீட்டில் எந்த மாடு எத்தனை ஈத்து ஈன்றது, யார் கல்யாணத்தில் மழை கொட்டியது, எவன் முதன்முதலில் மிளகாய் போட்டது. ரோட்டுப் பக்கம் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இருவரும் குரலை உயர்த்துவார்கள். அதிகாரி வந்தால் கேட்கட்டும் என்றுதான். பெரியம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கிண்ணம் சுவர்மேல் வைப்பது நின்று, அய்யா கீழவீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் போகும்போதெல்லாம் அய்யாவின் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும். ஆனால் அந்த மடையைப் பற்றி மட்டும் இருவரும் மூச்சுவிடவில்லை.

இது மூன்று வருஷம் கூட நிலைக்கவில்லை. பெரியம்மாவுக்குக் கண் மங்கியது. அடுப்புக்கும் முள்ளுக்கும் நடுவில் அவளை விட்டுவைக்க முடியாது என்று அவர்களுடைய மகன் சிவகாசியிலிருந்து லோடு வண்டியோடு வந்தான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சாமான்கள் ஏறின. கடைசியில் மகன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசல் நிலையைப் பெயர்க்கப் போனான். பெரியய்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெலையப் பேக்காதடா. நெல இருந்தாத்தான் பாக்கிறவுகளுக்கு வீடுன்னு தெரியும். தம்பி ஒத்தையில இருக்கான்."

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. தேக்கு நிலை, கரையான் தின்னப்போகிறது என்று முணுமுணுத்தான். ஆனால் கடப்பாரையை வண்டியில் போட்டுவிட்டான். பெரியய்யா டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "வாரேன்டா தம்பி" என்றார். அய்யா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, "இருந்து கொஞ்சம் பேசிட்டுப் போங்கண்ணே" என்றார். டிரைவர் ஏற்கெனவே வண்டியை எடுத்துவிட்டான்.

அன்றைக்கே அய்யாவை என்னோடு கூப்பிட்டேன். அவர் வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய்த் தங்குகிற வழக்கம் எங்களில் இல்லை. அய்யா அருப்புக்கோட்டைக்கு வந்தாலும் வாசல் பக்கம் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அண்ணன் திருப்பூருக்குக் கூப்பிட்டான். அதற்கும் தலையை ஆட்டவில்லை. ஒருநாள் அழுதுகொண்டே கேட்டேன், யாருக்காக இந்த முள்ளுக்குள் கிடக்கிறீர்கள் என்று.

"நானும் வந்துட்டா அவுக எழுதிருவாகல்ல, தாயி" என்றார். "எத்தன தலமொறையா இருந்துருக்கோம். எல்லாரும் இந்த ஊரு பேரச் சொல்லிப் பொழைச்சு, இந்த ஊரு பேரச் சொல்லிச் செத்திருக்காக. என்னோட சாவும் இந்த ஊருச் சாவாப் போகட்டும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

இதுதான் அவருடைய ஆசை. தண்ணீர், ரோடு எல்லாவற்றையும் அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஏந்தலில் வாழ்ந்தான், ஏந்தலில் செத்தான் என்று ஒரு ஆள் கணக்கில் இருக்க வேண்டும். அது அவ்வளவு பெரிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஆபத்து அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒரு தேர்தலில் அவர் ஓட்டுப் போடப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏந்தலில் யாரும் இல்லை என்று நீக்கிவிட்டார்கள் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர் சொல்லியிருக்கிறார். "அப்ப நான் யாரு?" என்று அய்யா கேட்டாராம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அய்யாவும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தனியாக இருந்த காலத்தில் அவர் பேச்சை விடவில்லை. ஆட்டிடம் பேசினார், அய்யனாரிடம் பேசினார், நிலை மட்டும் நின்ற கீழவீட்டு வாசலில் நின்று, "என்னண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். இதை ஆடு மேய்க்க வரும் ஒரு பக்கத்து ஊர்க்காரர் பஸ்ஸில் என்னைப் பார்த்துச் சொன்னார். உங்கய்யாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார். நான் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஒரு மாசி மாதம் போனபோது அய்யா காய்ச்சலில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அந்தப் பிடியில் இன்னும் பலம் இருந்தது. அந்த ஆடு மேய்க்கிறவரையே கெஞ்சி, திருச்சுழிக்குப் போய்க் கார் பிடித்து வரச் சொன்னேன். கார் வருவதற்குள், உச்சி வெயிலில், அய்யாவின் பிடி தளர்ந்தது. கஞ்சி ஊற்றிய கிண்ணம் என் மற்றொரு கையில் இருந்தது. வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கட்டிப் பிடித்து அழுவாள் என்று எந்த ஊரிலும் எதிர்பார்க்கலாம். அங்கே ஓடிவர யாரும் இல்லை. நான் கத்திக் கத்தி நானே ஓய்ந்தேன்.

அந்தக் காரிலேயே ஆடு மேய்க்கிறவர் அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேதி சொன்னார். மறுநாள் காலையிலிருந்து பஸ்ஸிலும் வேனிலும் ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். சிவகாசி, திருப்பூர், அருப்புக்கோட்டை. கரைந்துபோன தங்கள் வீட்டு மேட்டின் மேல் ஏறி நின்று, இது அடுப்படி, இது மாட்டுக்கொட்டம் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். கருவையை வெட்டிப் பாதை போட்டார்கள். கொட்டுக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், நடுநடுவே யார் மகளுக்கு எங்கே வரன் என்று விசாரித்தார்கள். ஒருவருக்கொருவர் பேசி மாளவில்லை. அவ்வளவு சத்தத்தை அந்தத் தெரு கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதைக் கேட்க வேண்டியவர் நடுவில் மாலையோடு படுத்திருந்தார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. இதில் பாதிப் பேர் போன வருஷம் ஒரு தடவை வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

பெரியய்யாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தார்கள். அவர் அய்யாவின் தலைமாட்டில் நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"ஏலே தம்பி, மடைய நான்தான்டா தொறந்தேன். எந்திரிச்சு என்னிய ஒரு வார்த்த ஏசிரு. எந்திரிடா."

பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். பெரியய்யா பதிலுக்குக் காத்திருப்பவர் போல அங்கேயே நின்றார். பெரியம்மா கையை நீட்டித் தடவித் தடவி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கண்ணுக்கு அப்போது எதுவுமே தெரியவில்லை.

அய்யாவை எடுத்து முடித்து, சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் எல்லா வண்டிகளும் போய்விட்டன.

இறப்புச் சான்றிதழ் வாங்க அண்ணனும் நானும் போனோம். மொபெட்டில் வந்த அந்தப் பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னேன். கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அம்மா, அந்த ஊரு பேச்சிராக்ல இருக்கே. குடியில்லாத ஊருல எறந்தாகன்னு எழுதணும்னா வெசாரணை வெக்கணும். அந்த ஊருல குடியிருக்கிறவுக ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"அங்க குடியிருந்தவுகதான் செத்துப் போயிட்டாக" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆடு மேய்க்கிறவர் பக்கத்து ஊர்க்காரர், அவர் செல்லாது. பெரியய்யா சிவகாசிக்காரர் ஆகிவிட்டார், அவரும் செல்லாது. எடுக்க வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை. நானும் இல்லை. நான் அருப்புக்கோட்டைக்காரி. எனக்குச் சண்டை போடத் தெரியும், சாட்சிக்கு ஆள் பிடிக்கத் தெரியவில்லை. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு இரவு திருப்பூர் பஸ்.

"சுலுவா ஒரு வழி இருக்கும்மா. ஒங்க வீட்டுல வெச்சுத்தான் எறந்தாகன்னு டவுனுல குடுத்துருங்க. பக்கத்து வீட்டுக்காரவுக ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் அதிகாரி.

அப்படியே செய்தோம். எங்கள் தெருவில் இரண்டு பேர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் அய்யாவைப் பார்த்ததே இல்லை. நல்ல சாவு, மக வீட்டுல கவனிப்போட போயிருக்காரு என்று ஆறுதல் சொன்னார். சான்றிதழில் இறந்த இடம் என்பதற்கு நேராக என் வீட்டு விலாசம் இருக்கிறது. ஒரு ராத்திரிகூட என் வீட்டில் படுக்காத மனிதர், அரசாங்கக் கணக்குப்படி என் வீட்டில்தான் செத்துப்போனார்.